பெயிலாகப் படித்தவள்

பாஸாவதற்காக விழுந்து விழுந்து படித்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் உண்டு. பெயிலாவதற்காக மூன்று மாதம் உட்கார்ந்து படித்தவள், தெரிந்தவரை, மார்க்கையன்கோட்டை பூமாரி ஒருத்திதான். அவள் பெயிலானால்தான் தங்கை முனீஸ்வரி விஞ்ஞானியாக முடியும் என்று தேனியில் ஓர் அலுவலகம் முடிவு செய்திருந்தது. முடிவு செய்தது அலுவலகம். அந்த முடிவை அக்காவின் காதில் போட்டவள் முனீஸ்வரி. இந்த இரண்டாவது விஷயம்தான் தங்கைக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

மார்க்கையன்கோட்டையில் வாய்க்கால் பாய்கிற வயல் நிறைய உண்டு. இவர்களுக்கு இல்லை. பூமாரி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த வருஷம் அப்பா இறந்துபோனார். மார்க் பட்டியல் வாங்கிய மறுவாரமே அவள் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறினாள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேரை மடித்து வைத்துக் கம்பமெட்டு மலை ஏற்றிக் கேரளத்துத் தோட்டத்தில் இறக்கிவிடுவார்கள். சாயந்திரம் அதேபோல் மடித்துக் கொண்டுவந்து போடுவார்கள். அப்படி மடிந்து மடிந்து போய்வந்த நிலையிலேயே பூமாரி தபால் வழியில் தாவரவியல் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டினாள். ஒன்றைத் தவிர எல்லாத் தாளும் பாஸ். விட்ட தாளின் பெயர் 'பூக்கும் தாவரங்கள்'. அந்தத் தேர்வு நடந்த நாளில் அவள் மதுரையில் ஒரு கல்லூரி வாசலில், முனீஸ்வரியைச் சேர்ப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அது நடந்து எட்டு வருஷம். முனீஸ்வரி இப்போது ஏலக்காய்ப் பூவுக்கு எந்தத் தேனீ எப்போது வருகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு எந்த உதவித்தொகையும் கிடையாது. நுண்ணோக்கிக்குக் கண்ணாடித் தகடு வாங்குவதிலிருந்து பஸ் டிக்கெட் வரை பூமாரியின் கூலிதான். பூ பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவதும் பூமாரிதான். எந்நேரத்துக்கு என்ன தேனீ வந்தது என்று பீடிக்கட்டு அட்டையில் கோடு போட்டுக்கொண்டு வருவதும் அவள்தான். அந்தக் கோடுகளை முனீஸ்வரி கணினியில் ஏற்றி, 'ஆய்வாளர் களத்தில் கண்டறிந்தவை' என்று தலைப்புக் கொடுத்து வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அறிவியல் ஆய்வு ஆதரவுப் பேராயம் என்ற அமைப்பு, 'ஆய்வு மாணவர்களுக்கான நிதி வாய்ப்புகள்' என்று தேனியில் ஒரு கருத்தரங்கு நடத்துகிறது. அனைவரும் கட்டாயம் விருப்பத்துடன் கலந்துகொள்ள வேண்டும்.

பேராயத்தின் இணை இயக்குநர் விஜயகுமார் வெள்ளைச் சட்டையின் பையில் நான்கு பேனா வைத்திருந்தார். ஒன்றிலும் மை குறைந்ததாகத் தெரியவில்லை. அவர் ஒலிபெருக்கியை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பேசினார்.

"இந்தப் பேராயம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை தகுதியில்லாதவர் ஒருவர் கையிலும் ஒரு பைசா போனதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தகுதியுள்ளவர் கையிலும் போனதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். தகுதியுள்ளவர் யார் என்று முடிவாகாமல் எப்படிப் போகும்? அதைத்தான் பதினோரு ஆண்டுகளாக மிகக் கவனமாக ஆராய்ந்துவருகிறோம். இந்த நாட்டில் மிக நீண்ட ஆராய்ச்சி எதுவென்று கேட்டால், எங்களுடையது என்று சொல்வேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். முனீஸ்வரியும் தட்டினாள். முன்வரிசையில் தட்டாதவர்களின் பெயரை எழுத்தர் மாரிசெல்வம் குறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வழவழப்பான தாளில் அச்சடித்த கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் உதவித்தொகைகள் இருபத்தியிரண்டு இருந்தன. முதலாவது, வேறு ஏதாவது உதவித்தொகை ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கு. அடுத்தது கடலோர மாவட்டத்தாருக்கு. தேனியிலிருந்து கடல் தெரியாது. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியவர்கள் விமானச் சீட்டைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒன்று இருந்தது. அதைப் படித்த முனீஸ்வரி கையிலிருந்த சின்னமனூர் பஸ் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருபத்திநான்கு வயதுக்குள் பத்து வருட ஆய்வு அனுபவம் கேட்டது இன்னொன்று. இப்படித் தள்ளித் தள்ளி வந்ததில் கடைசிப் பக்கத்தில் ஒன்று அவளுக்குப் பொருந்தியது. அதன் பெயர் 'முதல் தளிர்'. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆராய்ச்சி செய்தால் மாதாமாதம் தொகை.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குடும்பத்தில் மற்ற எவரும் பட்டதாரி இல்லை என்பதற்கு ஆள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

அம்மா ராக்கம்மாளுக்குச் சுலபமாகக் கிடைத்தது. அவள் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்ததும், இதைவிட வேறு சான்று எதற்கு என்று கிராம நிர்வாக அலுவலர் முத்திரை குத்திவிட்டார். அப்பா செல்லப்பாண்டி விஷயம் சிக்கலாயிற்று. இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததற்கு மாரிசெல்வம், அவர் உயிரோடிருந்தபோது பட்டம் வாங்கவில்லை என்பது சரி, இறந்த பிறகு வாங்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாண்டவர்களுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுக்கிறார்களே என்பது அவர் வாதம். கிராம நிர்வாக அலுவலர் அந்தத் தாளைக் கொஞ்சநேரம் முறைத்துவிட்டு, 'மேற்படியார் மரணத்துக்குப் பின் எந்தப் படிப்பிலும் சேர்ந்ததாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பூமாரியின் பெயரில் வந்து வண்டி நின்றது.

பூமாரி பட்டதாரி இல்லை என்று முனீஸ்வரி சொன்னாள். மாரிசெல்வம் கணினியில் தட்டிப் பார்த்து, அவள் பெயருக்கு நேரே 'நிலுவை' என்று இருப்பதாகச் சொன்னார். நிலுவை என்றால் நாளைக்கே பட்டதாரி ஆகலாம். ஆனால் தான் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டபடியால், அக்கா இனிமேல் வாங்கினாலும் இரண்டாவதுதானே என்று முனீஸ்வரி கேட்டாள். கேள்வி கனமாக இருந்ததால் அவளை உள்ளே அனுப்பினார்கள்.

விஜயகுமார் பொறுமையாக விளக்கினார். "பட்டம் வாங்கின வருஷம் கணக்கில்லம்மா. படிப்பில் சேர்ந்த வருஷம்தான் கணக்கு. நீங்க தாவரவியல் படிக்கிறவங்க, உங்களுக்கே தெரியணும். தளிர் எப்ப வெளியே வந்ததுன்னு நாங்க பாக்கிறதில்ல. விதை எப்பப் போட்டதுன்னு பாக்கிறோம். உங்க அக்கா விதை முன்னாடியே மண்ணுக்குள்ள கெடக்கு. அது முளைக்காதுன்னு நிரூபிச்சிட்டு வாங்க."

அதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டதற்கு, தோல்விச் சான்றிதழ் என்றார்.

முனீஸ்வரி தபால் வழிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பதில் ஒரு மாதத்தில் வந்தது. தேர்வு எழுதாதவர் தோற்றவர் ஆகமாட்டார். தேர்வு எழுதித் தோற்றவருக்கே தோல்விச் சான்றிதழ் வழங்கப்படும். மேற்படி மாணவியின் பழைய பாடத்திட்டத்துக்கு வரும் சித்திரையில் இறுதி வாய்ப்பு அளிக்கப்படுகிறது. அதன்பின் அவரது பதிவு நிரந்தரமாக ரத்தாகும்.

அந்தக் கடிதத்தை முனீஸ்வரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பூமாரி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதுபோலச் சத்தமாகப் படித்தாள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் இரண்டாம் முறை படித்தாள். வாய்விட்டுக் கேட்டால் பாவம், கேட்காமல் கேட்டால் பாவமில்லை என்று அவள் மனசு ஒரு கணக்கு வைத்திருந்தது. படிக்கும்போதே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பட்டப்படிப்புப் படித்த சூப்பர்வைசர் வேண்டும், உன் படிப்பை முடி, உனக்கே தருகிறேன் என்று மேனேஜர் பூமாரியிடம் சொல்லியிருந்தார். நிழலில் நிற்கிற வேலை. அதைச் சொல்லும்போது பூமாரி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

பூமாரி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு பரிச்சைதான? போயி பெயிலாயிட்டு வந்தாப் போச்சு. இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிட்டு இருக்க?"

"வேணாங்க்கா" என்றாள் முனீஸ்வரி. சொன்ன வேகத்தில் அதில் ஒரு வேணாமும் இல்லை என்பது அவளுக்கே கேட்டது.

ஆனால் பெயிலாவது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. பல்கலைக்கழக விதிப்புத்தகத்தை முனீஸ்வரி இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் எழுதாமல் வெற்றுத் தாளைக் கொடுத்தால் அது வராததற்குச் சமம்; அப்போது தோல்வி கிடையாது. கொஞ்சம் எழுதினால் அதைவிட ஆபத்து. இறுதி வாய்ப்பு எழுதுகிறவர்கள் பாஸ் மார்க்கை நெருங்கிவிட்டால் கருணை மதிப்பெண் போட்டுத் தூக்கிவிட்டுவிடுவார்கள். கருணையிடம் மாட்டாமல் தோற்க வேண்டுமானால் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

பூமாரி பெட்டிக்கு அடியிலிருந்து பழைய புத்தகங்களை எடுத்தாள். ஜீப்பில் மடிந்து உட்கார்ந்தபடி படித்தாள். கஞ்சி குடிக்கும் நேரத்தில் படித்தாள். கூட வேலை பார்க்கிற சந்தனம்மாள், பெயிலாகுறதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிக்கிற என்று கேட்டதற்கு, எது சரின்னு தெரிஞ்சாத்தானக்கா எதை எழுதக்கூடாதுன்னு தெரியும் என்றாளாம். காய் எடுப்பிலும் இதே கதைதான். பழத்தையும் முற்றிய கரிங்காயையும்தான் கிள்ளலாம். இளங்காயைத் தொட்டால் கங்காணி தொலைத்துவிடுவான். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளப் பூமாரிக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதையும் படிப்பென்று யாரும் சொன்னதில்லை.

ராக்கம்மாளால் வேறொரு இடைஞ்சல். எட்டு வருஷத்துக்கு முன்பு அவள் வீரபாண்டி கௌமாரியம்மனிடம், என் மூத்தவ பாஸானா தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். அந்த வேண்டுதல் அப்படியே நின்றது. திருவிழாவும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்ததும், பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா, எம்மகளுக்கு நல்ல மார்க் குடு என்று முணுமுணுத்தாள்.

"ஏ ஆத்தா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அம்மன் கேட்டுத் தொலைச்சிறப் போறா" என்று பூமாரி பதறிவிட்டாள்.

ராக்கம்மாள் மறுநாளே வீரபாண்டிக்குப் போய், கூட்டத்தில் முண்டி, வேண்டுதலைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். எப்படிச் சொன்னாய் என்று பூமாரி கேட்டாள். "சின்னவளுக்காகப் பெரியவள விட்டுக்குடுத்துருன்னேன். வேற எப்பிடிச் சொல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தேர்வுக் கூடத்தில் நாற்பது பெஞ்சு. எழுத வந்தவள் ஒருத்தி. பழைய பாடத்திட்டத்தில் மிச்சமிருந்த ஒரே மாணவி பூமாரிதான். இருக்கை எண் அட்டவணையை வாசலில் ஒட்டியிருந்தார்கள். மேற்பார்வையாளர் அரைமணிக்கு ஒருதரம், பக்கத்தில் பார்க்காதீர்கள் என்று அறிவித்தார். காப்பி அடிப்பதைப் பிடிக்க மூன்று பேர் கொண்ட பறக்கும் படை ஒரு காரில் வந்து, பூமாரியின் கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்துப் பிரித்துப் பார்த்தது. கயிற்றில் பூக்கும் தாவரங்களைப் பற்றி ஏதும் எழுதியிருக்கவில்லை.

முனீஸ்வரி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தாள். பூமாரி மூன்று மணி நேரமும் இருந்து, கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. வேலை முடிந்து மேல் கழுவிவிட்டு வரும்போது இருக்குமே, அதுபோல. பாஸாகிற மாதிரி எழுதிவிட்டாளோ என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது.

"பயப்படாத. பெயிலுதான்" என்றாள் பூமாரி.

பேராயத்திலிருந்து முனீஸ்வரிக்கு 'தற்காலிகத் தளிர்' என்று ஓர் உத்தரவு வந்தது. தோல்விச் சான்றிதழ் வந்து சேர்ந்ததும் நிரந்தரத் தளிர் ஆவாள். அதற்குள் அவள் செய்ய வேண்டிய 'தளிர்க் கடமை' ஒன்று இருந்தது. பேராயமும் பல்கலைக்கழகமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பேராயத்தின் தளிர்கள் பல்கலைக்கழகத்தின் விடைத்தாள்களைத் திருத்தித் தர வேண்டும். தாவரவியலுக்கு மாவட்டத்தில் இருந்த ஒரே தளிர் முனீஸ்வரி.

மதிப்பீட்டு முகாம் என்று துணிப்பதாகை கட்டிய அறைக்குள் போனாள். மாரிசெல்வம் அரக்கு முத்திரை வைத்த சாக்குப்பையை மேசைமேல் வைத்து, சாட்சிக்கு இருவரை நிறுத்தி, கத்தரித்துக் கவிழ்த்தார். ஒரு விடைத்தாள் விழுந்தது. 'பூக்கும் தாவரங்கள்.' பெயர் இருந்த மூலையைக் கிழித்துவிட்டு ரகசிய எண் போட்டிருந்தார்கள். எண் 1.

ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு கறை. ஏலக்காய்ச் சாறு கையில் ஏறினால் சோப்புக்குப் போகாது.

முனீஸ்வரி எழுந்து விஜயகுமாரிடம் போனாள். இது தன் அக்காவின் தாள், தான் திருத்தக்கூடாது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு இருக்கா?"

"இல்ல சார். ரகசிய எண்தான் இருக்கு."

"அப்ப அது யாருடையதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"எழுதினதே எங்க அக்கா ஒருத்திதான் சார்."

"அம்மா, ரகசியம்ங்கிறது நம்பிக்கையில்ல. அது விதி. உங்களுக்குத் தெரியும்ங்கிறதுனால அது ரகசியமில்லாமப் போயிராது. தெரியும்னு எழுதிக் குடுத்தீங்கன்னா ரகசியம் கசிஞ்சதுன்னு தேர்வையே ரத்து பண்ணணும். தேர்வு ரத்தானா சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லன்னா தளிர் இல்ல. தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போய் உக்காருங்க."

தேர்வெழுதியவர்களில் தன் உறவினர் எவரும் இல்லை என்ற படிவத்தில் முனீஸ்வரி கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாகவே எழுதியது.

தாளைப் பிரித்தாள். ஐந்து கேள்விக்கும் பூமாரி விடை எழுதியிருந்தாள். முழுசாக எழுதியிருந்தாள். தலைப்புக்கு அடிக்கோடு, பக்க ஓரத்தில் மடிப்பு, படங்களுக்குப் பென்சிலில் நிழல் எல்லாம் இருந்தன. இஞ்சிக் குடும்பத்துப் பூவை வரைந்து, வெள்ளை உதட்டில் ஓடும் ஊதா நரம்புகளை ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள். அப்படி எழுதி முடித்தபிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து அடித்திருந்தாள். அளவுகோல் வைத்து இழுத்த கோடு. ஒரு எழுத்தும் மறையாதபடி, மெல்லிசாக.

விதி இருபத்தியேழு: தேர்வரால் அடிக்கப்பட்ட விடைகள் மதிப்பிடத்தக்கவை அல்ல.

முனீஸ்வரி விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கப்படாத தாளைத் திருத்துவதுபோலப் பென்சிலில் திருத்தினாள். யாரும் திருத்தச் சொல்லவில்லை. திருத்தாமல் இருக்க முடியவில்லை. முதல் நான்கு கேள்விக்கும் தலா இருபதுக்கு இருபது. குறைப்பதற்கு இடம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஐந்தாவது கேள்வி ஏலக்காய்ப் பூவின் மகரந்தச் சேர்க்கை. வெயில் ஏறியபின் வரும் பெரிய தேனீக்களால் நடக்கிறது என்பது விடைக்குறிப்பு. பூமாரி எழுதியிருந்தாள்: 'புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்தது வேறு. மூடுபனி விலகுமுன்னே கொசுத்தேனீ வந்துவிடும். பெரிய தேனீ வரும்போது பூவில் வேலை முடிந்திருக்கும்.' குறிப்பில் இல்லாததால் முனீஸ்வரி ஒரு மார்க் மட்டும் போட்டாள். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான், இந்த மூன்று வரியும் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் என்பது உறைத்தது. அந்த அத்தியாயத்தில் எங்கும் பூமாரி என்ற பெயர் இல்லை.

மொத்தம் எண்பத்தியொன்று. சிவப்பு மையில் அதை எழுதிவிடலாம். விதி இருபத்தியேழை யாரும் கவனிக்காமல்கூடப் போகலாம். அக்கா ஸ்டோரில் நிழலில் நிற்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு எவ்வளவு நேரம் நின்றது என்பதை முனீஸ்வரி பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

ரப்பரால் பென்சிலை அழித்தாள். சிவப்பு மையில் 0 என்று போட்டாள். எழுத்தால் எழுதும் இடத்தில் மாரிசெல்வம் சொன்னபடி 'பூஜ்யம் மட்டும்' என்று எழுதினாள்.

விஜயகுமார் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து முதல்முறையாக மூடியைத் திறந்தார். மேலொப்பம் போட்டார். "உணர்ச்சிக்கு இடங்கொடுக்காத மதிப்பீடு. அறிவியல்னா இதுதான். இந்தப் பேராயம் சரியான ஆளத்தான் தேர்ந்தெடுத்திருக்கு" என்றார்.

சான்றிதழ் பத்தாம் நாள் வந்தது. கெட்டித் தாள், பொன்னிற ஓரம். 'செல்லப்பாண்டி மகள் பூமாரி என்பார் தோல்வியுற்றார் என்பதை மகிழ்வுடன் சான்றளிக்கிறோம்.' வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே அச்சுதான் வைத்திருப்பார்கள்போல. ராக்கம்மாள் அதை வாங்கி, எழுத்துத் தெரியாததால், பொன்னிற ஓரத்தைத் தடவிப் பார்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பூமாரி வாசல்படியில் உட்கார்ந்து விரல்களுக்குப் புளியைத் தேய்த்துக் கறையை எடுத்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாளைத் திருத்தியது தான்தான் என்றாள். உறவினர் எவரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள், அதையும் சொன்னாள்.

பூமாரியின் கை நின்றது.

"நீயா திருத்துன?"

"ஆமாக்கா. நாந்தான் பூஜ்யம் போட்டேன்."

"அது கெடக்கு. கோட்டுக்கு அடியில படிச்சியா?"

"படிச்சேன்."

"எத்தன வரும்?"

முனீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எம்பத்தி ஒண்ணு."

பூமாரி புளியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று முனீஸ்வரி நினைத்தாள். அழுதாலும் அழலாம் என்று நினைத்தாள். இரண்டுக்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். பூமாரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, காய் எடைபோடும்போது தராசைப் பார்ப்பதுபோலத் தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"பத்தொம்போது எங்கன போச்சு?" என்றாள்.